குடும்பஸ்தர் பாக்

இறந்துபோன தகப்பனாரைப் பற்றிப் பிள்ளை எழுதும் சரித்திரக் குறிப்பில் உண்மை எவ்வளவு, கடமை எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதான காரியமன்று. ஜெர்மானிய சங்கீத மேதை யோஹான் செபாஸ்டியன் பாக் 1750-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் தேதி லைப்ஸிக் நகரில் காலமான பிறகு, அவருடைய குமாரர்களில் ஒருவரான இம்மானுவேலும், மாணவர் அக்ரிகோலாவும் சேர்ந்தெழுதி 1754-இல் அச்சேறிய குறிப்பு அத்தகையது. தகப்பனாரின் ஆர்கன் வாசிப்பும், கற்பனைச் செழிப்பும், அரசவைகளில் அவர் பெற்ற மரியாதையும் அதில் விஸ்தாரமாகச் சொல்லப்படுகின்றன. வீட்டைப் பற்றிய செய்திகளோ, யார் பிறந்தார், யார் இறந்தார் என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. அப்படி நிற்கிற இடத்திலும் ஒரு செய்தி மட்டும் அளவை மீறி நீண்டுபோகிறது. 1720-ஆம் வருஷம், பாக் அப்போது உத்தியோகம் பார்த்துவந்த கோத்தன் அரசவையின் இளவரசர் கார்ல்ஸ்பாட் ஊற்றில் நீராடப் போனபோது, பாக்கும் அவருடைய பரிவாரத்தோடு சென்றிருந்தார். புறப்படுகையில் மனைவி மரியா பார்பரா திடகாத்திரமாக இருந்தாள். திரும்பி வந்து வீட்டுப் படியேறிய பிறகுதான், அவள் நோயுற்றதும் இறந்ததும் அடக்கமானதும் ஒருசேர அவருக்குத் தெரியவந்தன. தாயை இழந்தபோது இம்மானுவேலுக்கு வயது ஆறு. முப்பது வருஷம் கழித்து, ஊரறிந்த வித்துவானாகி, தகப்பனாரின் பெருமைகளை வரிசைப்படுத்த உட்கார்ந்த இடத்திலும் அந்தப் படியேறல் அவருக்கு மறக்கவில்லை.

பாக்கைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவரைப் பக்த சிரோமணியாக்கி ஓர் உயர்ந்த ஆசனத்தில் இருத்திவிடுகிறார்கள். அவரை ஐந்தாவது சுவிசேஷகர் என்று அழைக்கும் வழக்கங்கூட மேனாட்டில் உண்டு. எனக்கு அந்தப் பட்டத்தில் மனம் ஒப்பவில்லை. ஆயக்காரராயிருந்த மத்தேயு ஒருவரை விட்டுவிட்டால், சுவிசேஷகர்கள் எவரும் காசைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. பாக் ஆயுள் முழுவதும் அதைச் செய்தவர். இரண்டு விவாகம், இருபது பிள்ளைகள், அவர்களில் வயது வந்தவரை பிழைத்தவர்கள் பத்துப் பேர், ஒரு பள்ளிக்கூடத்து உத்தியோகம், ஓயாத மேலதிகாரிகள் சச்சரவு, இத்தனைக்கும் நடுவிலிருந்துதான் அவருடைய விசுவாசம் பேசிற்று. இவற்றை நீக்கிவிட்டு விசுவாசத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்போமென்றால் கையில் மிஞ்சுவது வெறும் படம்.

அவர் பிறந்த ஐஸனாக் ஊரிலேதான் மார்ட்டின் லுத்தரும் சிறுவனாகப் படித்தார். இருவரும் ஒரே லத்தீன் பள்ளிக்கூடத்து மாணவர்கள், நடுவில் இருநூறு வருஷ இடைவெளி இருந்தாலும். துறவியின் தவத்துக்கு ஒரு படி மேல், குடியானவனின் உழவுக்கும் தாய் பிள்ளையைக் குளிப்பாட்டுவதற்கும் ஒரு படி கீழ் என்ற வித்தியாசம் தேவ சந்நிதியில் கிடையாது, அவரவர் தொழிலே அவரவருக்கு இடப்பட்ட ஊழியம் என்பது லுத்தர் போதனையின் முக்கியமான அம்சம். பாக் அதைத் தர்க்கித்து நிலைநாட்டியவரல்லர். அதை இயல்பாகவே சுவாசித்துக்கொண்டிருந்தவர். தம்முடைய தேவாலய இசைப் பிரதிகளின் தலைப்பில் 'இயேசுவே, துணைபுரியும்' என்ற பொருள்படும் இரண்டெழுத்தையும், முடிவில் 'தேவனுக்கு மாத்திரமே மகிமை' என்ற பொருள்படும் மூன்றெழுத்தையும் அவர் எழுதினார் என்பதைப் பலரும் வியந்து கூறுவார்கள். அக்காலத்தில் மற்றவர்களும் எழுதியதுதான் அது. நம்மவர் பிள்ளையார் சுழி போடுவதுபோல் ஒரு வழக்கம். நான் வியப்பது வேறொன்று. 1720-இல், மனைவி இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, ஒன்பது வயது மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமானுக்காக அவர் ஒரு பாடப் புஸ்தகம் தொடங்கினார். அதன் ஆரம்பப் பக்கங்களில் விரல்பயிற்சி ஒன்று இருக்கிறது. ஸ்வரங்களின் தலைமேல் பொடிப்பொடியாக இலக்கங்கள். வலக்கையில் மூன்றாம் விரல், நான்காம் விரல், மறுபடி மூன்று, மறுபடி நான்கு என்று, ஒன்றின்மேல் ஒன்று தாண்டிச் செல்லும் பழைய பாணி. சில வரிகளில் முடிந்துபோகும் இந்தச் சிறுபிள்ளைப் பாடத்தின் உச்சியிலும் 'இயேசுவின் நாமத்தில்' என்பதன் முதலெழுத்துக்களை அந்தத் தகப்பன் எழுதியிருக்கிறார். ராஜாவுக்கு அர்ப்பணிப்பதற்கும் ஆராதனையில் பாடுவதற்கும் தெய்வத்தைத் துணைக்கழைப்பது எவரும் செய்வது. பிள்ளையின் நாலாம் விரல் எங்கே விழவேண்டும் என்பதையும் அதே கணக்கில் சேர்த்தவர் இவர்.

அவர் வைத்திருந்த வேதாகம விளக்கவுரை ஒன்றும் நமக்குக் கிடைத்திருக்கிறது. காலோவ் என்ற லுத்தரன் பண்டிதர் பதிப்பித்தது. மூன்று பெருஞ் சம்புடங்கள். பாக்கின் கையொப்பமும் 1733 என்ற ஆண்டும் அதில் உள்ளன. 1934-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில், ஜெர்மானியர் குடியேறிய ஒரு சிற்றூர் வீட்டிலிருந்து அது வெளிப்பட்டு, பின்பு செயின்ட் லூயிஸ் நகரத்து வேதசாஸ்திரக் கலாசாலைக்குச் சேர்ந்தது. இரண்டாம் நாளாகமத்தில், பாடகரும் பூரிகை ஊதுவோரும் ஒருமித்துத் துதிக்கையில் கர்த்தருடைய ஆலயம் மேகத்தினால் நிறைந்தது என்ற இடத்தருகே, பக்தியோடு கூடிய சங்கீதத்தில் தேவகிருபை எக்காலத்திலும் பிரசன்னமாயிருக்கிறது என்ற கருத்துப்பட ஓரக்குறிப்பு எழுதியிருக்கிறார். அதைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அந்தச் சம்புடங்களில் அச்சுப்பிழைகளையும், விடுபட்ட வார்த்தைகளையும்கூட அவர் பேனாவால் திருத்தி வைத்திருக்கிறார். அவருடைய சுபாவத்தை எனக்கு அதிகம் காட்டிக்கொடுப்பவை அந்தத் திருத்தங்களே. வாசிக்கிற வேதத்திலும் பிழை பொறுக்காத மனிதர், பாடகன் ஒருவன் சுருதி தப்பினால் என்ன பாடுபட்டிருப்பார் என்று ஊகிக்கலாம்.

மரியா பார்பரா இறந்து ஒன்றரை வருஷத்துக்குள், 1721 டிசம்பரில், கோத்தன் அரசவைப் பாடகியான அன்னா மக்டலேனாவை அவர் மணந்தார். மணமகளுக்கு வயது இருபது. வந்து சேர்ந்த வீட்டில் மூத்தாளின் பிள்ளைகள் நால்வர். இவ்வம்மையாரைப் பற்றிய விவரம் மிகச் சிறிதே கிட்டியிருந்தாலும் அச்சிறு விவரத்திலிருந்து ஒரு முழு மனுஷி எழுந்து நிற்கிறாள். கணவருடைய இசைப் பிரதிகளைப் பார்த்துப் பார்த்து எழுதி, ஆராய்ச்சிக்காரர்கள் இது யார் கையெழுத்து என்று தடுமாறும் அளவுக்கு அவள் கையெழுத்து அவர் கையெழுத்தாகவே ஆகிவிட்டது. அவளுக்காக 1722-இலும் 1725-இலும் பாக் இரண்டு இசைப் புஸ்தகங்களைத் தொடங்கிக் கொடுத்தார். பியானோ கற்கும் குழந்தைகள் உலகமெங்கும் 'பாக்கின் மினுவெட்' என்று வாசிக்கும் சிறு உருப்படி இரண்டாவது புஸ்தகத்தில் உள்ளது. அது பாக்கினுடையதே அன்று, பெட்ஸோல்ட் என்ற வேறொரு ஆர்கன் வித்துவானுடையது. வீட்டுப் புஸ்தகத்தில் பிடித்த பாட்டையெல்லாம் எழுதிவைக்கும்போது கர்த்தா பெயர் எவருக்கு நினைவிலிருக்கும்! உறவினரான யோஹான் எலியாஸ் பாக் 1737 முதல் 1742 வரை அவ்வீட்டில் தங்கி, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும், கடிதங்கள் எழுதிக்கொடுத்தும் வந்தார். அவர் கடிதங்களில், ஹாலே நகரத்து இசையாசிரியர் ஒருவரிடம் நன்றாகப் பாடப் பழக்கிய சிறு பறவையொன்று இருப்பதாகவும், பறவைப் பிரியையான அன்னா மக்டலேனா அதை விரும்புவதாகவும் கேட்டு எழுதியிருக்கிறார். வேறொரு சமயம், அவளுக்கு வந்த கார்னேஷன் பூச்செடிகளைக் கிறிஸ்துமஸ் பரிசு பெற்ற குழந்தைகளின் சந்தோஷத்திலும் மேலான சந்தோஷத்தோடு பேணி வருகிறாள் என்கிறார்.

அந்தச் செடிகள் வருவதற்கு முன்னால் அவள் பேணியும் தங்காமற்போனவை உண்டு. 1726-க்கும் 1733-க்கும் இடையில் லைப்ஸிக் வீட்டிலிருந்து ஏழு சிறு சவப்பெட்டிகள் வெளியே போயின. கைக்குழந்தைகளும் சிறு பிள்ளைகளும். மத்தேயு சுவிசேஷத்தின்படியான பாடுகளின் இசை 1727-ஆம் ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமை தோமையார் ஆலயத்தில் பாடப்பட்டதும் இந்த வருஷங்களுக்குள்ளேதான். இழப்புக்கும் இசைக்கும் முடிச்சுப்போட்டு, இன்ன குழந்தை இறந்ததனால் இன்ன பாட்டுப் பிறந்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. சொல்வோர் சொல்லட்டும். அடக்கம் முடிந்த வாரத்திலும் ஞாயிற்றுக்கிழமை வரத்தானே செய்யும். ஞாயிறென்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பாடவைத்தாக வேண்டும், பிரதி எழுதியாக வேண்டும், வாத்தியக்காரரைத் திரட்டியாக வேண்டும். அந்தப் பாடுகளின் இசையில் சபையார் அறிந்த ஒரே கீத மெட்டு வெவ்வேறு சுருதியில், வெவ்வேறு பொருத்தத்தில், ஐந்து தடவை திரும்பி வருகிறது. தரங்கம்பாடி மிஷனரிமாரால் தமிழாக்கப்பட்டு நம் லுத்தரன் சபைகளில் பாடப்பட்டுவரும் ஞானப்பாட்டுகள் பலவற்றின் மெட்டுகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே; பாக் இறந்த அதே 1750-இல்தான் அம்மிஷனரிமாரில் ஒருவரான ஷ்வார்ட்ஸ் ஐயர் ஹாலேயில் கற்றுத் தேறிச் சோழமண்டலக் கரையில் வந்திறங்கினார். அப்போது ஹாலேயின் பெரிய ஆலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தவர் பாக்கின் மூத்த மகன்.

நிற்க. கணக்கைப் பற்றிச் சொல்ல வந்தேன். பாக் எழுதிய சொந்தக் கடிதங்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவையே. அவசியமான கடிதங்களுக்கே தகப்பனாருக்குப் பொழுது கிடைக்கவில்லை. ஆனால் வீடு புறாக்கூடு மாதிரி எந்நேரமும் மனிதர் வந்துபோய்க்கொண்டிருந்தபடியால் பேச்சுக்குக் குறைவில்லை என்று இம்மானுவேல் பின்னாளில் எழுதினார். மிஞ்சிய கடிதங்களில் பெரியது, 1730 அக்டோபரில் டான்ஸிக்கிலிருந்த பால்ய நண்பர் எர்ட்மானுக்கு, வேறிடத்தில் உத்தியோகம் கிடைக்குமா என்று விசாரித்து எழுதியது. அதில், இவ்வூரில் விலைவாசி அதிகம், அதிகாரிகள் விசித்திரமானவர்கள், சங்கீதத்தில் அக்கறையற்றவர்கள் என்று குறைப்பட்டுக்கொண்டு வரும்போதே, மரணங்கள் வழக்கத்துக்கு மேற்பட்டால் அடக்க ஆராதனைக் கட்டணமும் அதற்கேற்ப உயர்கிறது, நல்ல காற்று வீசினாலோ குறைந்துவிடுகிறது, சென்ற வருஷம் அவ்வகையில் 100 தாலருக்குமேல் நஷ்டம் என்று கூசாமல் எழுதுகிறார். அந்த ஜனவரியில் தம் சொந்தக் குழந்தை ஒன்றை அடக்கம்பண்ணியவர் எழுதுகிற வாக்கியம் இது. இதைக் கல்நெஞ்சமென்று வாசிப்பவர்கள் சம்பளத்தில் குடும்பம் நடத்தியறியாதவர்கள். அதே கடிதத்தின் கடைசியில், பிள்ளைகளெல்லாம் பிறவியிலேயே சங்கீதக்காரர்கள், வீட்டு மனிதரை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு கச்சேரி நடத்திவிடுவேன், மனைவிக்குத் தெளிந்த நல்ல குரல், மூத்த பெண்ணும் மோசமில்லை என்று மகிழ்ந்துபோகிறார். மனைவியைக் குறித்த புகழ்ச்சியில் தாராளமும், மகளைக் குறித்ததில் வாத்தியாரின் கஞ்சத்தனமும் இருப்பதைக் கவனிக்கலாம்.

பிள்ளைகளில் ஒருவன் கச்சேரியைவிட்டு எழுந்து போய்விட்டான். முதல் தாரத்து மகன் பெர்ன்ஹார்ட், தகப்பனார் சிபாரிசில் முதலில் முஹ்ல்ஹவுஸனிலும், பிறகு ஸாங்கர்ஹவுஸனிலும் ஆர்கன் உத்தியோகம் பெற்று, இரண்டிடத்திலும் கடன்பட்டு, 1738-இல் எவருக்கும் சொல்லாமல் மறைந்துபோனான். முன்னைய கடனைத் தீர்த்துவைத்த தகப்பனாருக்கு இரண்டாவது செய்தி வந்தபோது, அவர் எழுதிய கடிதத்தில் தெரிவது கோபம் தீர்ந்துபோன அயர்ச்சி. புத்திமதி, அன்பு, உதவி எதுவும் பலிக்கவில்லை, இனி பொறுமையோடு சிலுவையைச் சுமந்து, அவனைத் தேவனுடைய இரக்கத்துக்கு ஒப்புவிப்பது தவிர வேறு வழியில்லை என்கிறார். ஆயினும், மகன் வாங்கினதாகத் தாமே கேட்டறியாத கடனுக்குப் பணம் கொடுக்க ஒப்பவில்லை. முதலில் அவன் இருப்பிடம் தெரியட்டும் என்கிறார். மறுவருஷம் மே மாதம் பெர்ன்ஹார்ட் யேனா நகரில், சட்டம் படிக்கச் சேர்ந்த சில மாதங்களில், ஜுரத்தில் இறந்தான். வயது இருபத்துநான்கு. ஜெபத்தையும் கடன் பத்திரத்தையும் ஒரே காகிதத்தில் வைத்து எழுதிய அந்தக் கடிதத்தை, அவருடைய எந்தத் தோத்திர கீதத்துக்கும் குறையாத விசுவாச சாட்சியமாகவே நான் மதிக்கிறேன். மகனைக் கைகழுவிவிட்டதாகவும் அதில் இல்லை, மகன் செய்ததை மூடி மறைப்பதாகவும் இல்லை.

பாட்டனாராகிய பாக்கை நாம் சந்திப்பது 1748-ஆம் ஆண்டுக் கடிதங்களில். அக்டோபரில் எலியாஸுக்கு எழுதும்போது, பெர்லினிலுள்ள மகன் இம்மானுவேலுக்கு இப்போது இரண்டு ஆண்மக்கள், மூத்தவன் பிறந்தது பிரஷ்யப் படையெடுப்பு என்ற துர்ப்பாக்கியம் நமக்கு நேர்ந்த காலத்தில், இளையவன் பிறந்து இரண்டு வாரம் ஆகிறது என்று குறிப்பிடுகிறார். பேரன் பிறந்த நாளை யுத்தத்தை வைத்து அடையாளம் சொல்வது, புயலடித்த வருஷம், பஞ்சம் வந்த வருஷம் என்று வயது சொல்லும் நம் வீட்டுக் கிழவர்கள் செய்வதுதான். அதே கடிதத்தில், எலியாஸ் கேட்டிருந்த பிரஷ்ய ராஜாவுக்கான இசைநூலின் பிரதி இப்போது கைவசம் இல்லையென்றும், மறுபடி அச்சானதும் வேண்டுமானால் ஒரு தாலர் அனுப்பினால் போதுமென்றும் சொல்கிறார். ஐந்து வருஷம் வீட்டோடு இருந்த உறவினருக்கு இந்த விலை!

அடுத்த மாதக் கடிதம் இன்னும் ரஸமானது. ஷ்வைன்ஃபூர்ட்டில் உத்தியோகம் பெற்றிருந்த எலியாஸ், அன்போடு ஒரு சிறு பீப்பாய் திராட்சை மது அனுப்பிவைத்தார். வழியில் குலுங்கி மூன்றிலொரு பங்கு சிந்திப்போய்விட்டது. தேவன் தந்த இந்த மேன்மையான பானத்தில் ஒரு சொட்டாவது வீணாகியது பெரும் பரிதாபம் என்று வருந்தி, நன்றி கூறி, கையொப்பமும் இட்டுவிட்ட பின்னர், கீழே ஒரு குறிப்பு: இன்னும் அனுப்புவதாகச் சொல்கிறீர்கள், தயவுசெய்து வேண்டாம், வண்டிக்கூலி 16 குரோஷன், கொண்டுவந்து தந்தவனுக்கு 2, சோதனைக்காரனுக்கு 2, பிறகு உள்நாட்டுத் தீர்வை, பொதுத் தீர்வை, எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு படி ஏறக்குறைய 5 குரோஷன் விழுகிறது, அன்பளிப்புக்கு இது அதிகம். அதே கடிதத்தில் மகள் லீஸ்கனுக்கு ஜனவரியில் விவாகம் என்ற செய்தியும் உள்ளது. மாப்பிள்ளை ஆல்ட்னிகோல் அவருடைய மாணவர். நவும்புர்க் ஆலயத்தில் அவருக்கு உத்தியோகம் கிடைக்கச் சிபாரிசு எழுதியவரும் மாமனார்தான். 1749-இல் அத்தம்பதிக்குப் பிறந்த ஆண்குழந்தைக்குப் பாட்டனாரின் பெயரையே செபாஸ்டியன் என்று இட்டார்கள். அவ்வாண்டு முடியுமுன்பே அது இறந்தது.

1750-இன் வசந்தத்தில், ஊர்ஊராகச் சுற்றிக் கண் சிகிச்சை செய்துவந்த ஆங்கிலேயர் டெய்லரிடம் இரண்டு தடவை ரணசிகிச்சை செய்துகொண்டார். பார்வை போயிற்று, உடம்பும் தளர்ந்தது. சாகுந் தறுவாயில் மருமகனிடம் ஒரு கீத இசையைச் சொல்லி எழுதுவித்தார் என்ற கதையைப் பக்தர்கள் உருகிச் சொல்வார்கள். அது முன்னமேயிருந்த ஓர் உருப்படியைத் திருத்தியதே. அவர் கடைசிவரை பிழை திருத்திக்கொண்டிருந்தார் என்றால் எனக்கு அது அதிக இயற்கையாகவே படுகிறது.

ஒன்றைத்தான் அவர் செய்யவில்லை. உயில் எழுதவில்லை. பீப்பாய்க்குத் தீர்வை கணக்கிட்டவர், அடக்கக் கட்டணத்தின் ஏற்றத்தாழ்வை நினைவில் வைத்திருந்தவர், நாற்பத்தெட்டு வயது மனைவியையும் கல்யாணமாகாத மூன்று பெண்களையும் சட்டத்தின் கையில் விட்டுப்போனார். சட்டப்படி விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி ஒன்பது பிள்ளைகளுக்கு. இசைப் பிரதிகளும் பங்காயின. ஃப்ரீடமான் தம் பங்கில் பலவற்றைப் பின்னர் வறுமையில் விற்றார். இம்மானுவேல் தம் பங்கைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார். பதினைந்து வயது மகன் கிறிஸ்டியனை இம்மானுவேல் பெர்லினுக்கு அழைத்துப்போனார். அவன் பின்பு இத்தாலிக்குச் சென்று கத்தோலிக்கனாகி, மிலான் பேராலயத்து ஆர்கன் வாசிப்பவனானான். லுத்தரனாகவே மூச்சுவிட்ட தகப்பனார் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ! புத்தி வளர்ச்சி குன்றிய மகன் ஹைன்ரிக்கை லீஸ்கனும் அவள் கணவரும் தங்களோடு வைத்துப் பராமரித்தார்கள். அன்னா மக்டலேனா 1760-இல் லைப்ஸிக்கில் நகர தர்மத்தில் ஜீவித்தவளாக இறந்தாள். சம்பாதிக்கும் குமாரர்கள் இருந்தும் இப்படி நேர்ந்ததற்கு ஆராய்ச்சிக்காரர்கள் பலவித சமாதானம் கூறுகிறார்கள். எனக்கு ஒன்றும் திருப்தியாக இல்லை. வீட்டையே கச்சேரியாக்கினேன் என்று எர்ட்மானுக்குப் பெருமையாக எழுதியவர், அந்த வீட்டின் பிரதான குரலுக்கு ஒரு காகிதம் எழுதிவைத்திருக்கலாம்.

கடைக்குட்டி ரெகினா சுஸானா விவாகமின்றி முதுமையடைந்து தரித்திரத்தில் இருந்தபோது, 1800-இல் ரோக்லிட்ஸ் என்ற பத்திரிகாசிரியர் அவளுக்காகப் பொது நிதி கேட்டு எழுதினார். உதவ முன்வந்தவர்களில் பேதோவனும் ஒருவர். பாக் பெயரால் அடுத்து நிதி திரண்டது, நாற்பது வருஷம் கழித்து, சிலைக்காக. சங்கீதகர்த்தா மெண்டல்ஸோன் கச்சேரிகள் செய்து பணம் சேர்த்து, 1843 ஏப்ரல் 23-இல் தோமையார் ஆலயத்தருகே அதைத் திறந்துவைத்தார். விழாவுக்கு எண்பத்துமூன்று வயதுக் கிழவர் ஒருவர் பெர்லினிலிருந்து வந்திருந்தார். பாட்டனார் இறந்து ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பேரர். பிரஷ்ய ராணியிடம் இசையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அத்தனை காலமும் பெர்லினில் வாழ்ந்துகொண்டிருந்தது, அங்கேயே வளர்ந்த மெண்டல்ஸோன் உள்பட, ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லையென்று சங்கீதகர்த்தா ஷூமன் எழுதுகிறார்.